பால்மரக் காட்டோரம் நின்ற டிராக்டர்

டிராக்டர் நின்றுவிட்டது. கருப்பையா இறங்கவில்லை. ஸ்டீயரிங்கில் இரண்டு கைகளையும் வைத்தபடி இருக்கையிலேயே உட்கார்ந்திருந்தான். பின்சக்கரத்து மட்கார்டில் தொற்றிக்கொண்டு வந்த நான்தான் குதித்து இறங்கினேன்.

மலாக்காவில் குருபோங் போகும் சாலை. ஒரு பக்கம் லாலாங் புல், இன்னொரு பக்கம் ரப்பர் பால்மரக் காடு. மரம் சீவிவிட்டுப் போயிருந்தார்கள். கோப்பைகளில் பால் சொட்டிக்கொண்டிருந்தது. சூடான இஞ்சின் ஆறுகிற சத்தத்தைத் தவிர வேறு சத்தம் இல்லை.

"இதே இடம்தானா?" என்று கேட்டேன்.

"இதே இடம்தாண்ணே. கொஞ்சம் முன்ன பின்ன இருக்கும். தினமும் காலையில இங்கதான்."

"எவ்வளவு நேரம் நிக்கும்?"

"ஒரு சுருட்டு பிடிச்சு முடிக்கிற நேரம். அப்புறம் கைப்பிடியச் சுத்தினா எடுத்துக்கும். என்னா கோளாறுன்னு தெரியல. நானா நிறுத்துறேன்னு ஊரே சொல்லுது. இன்னிக்கு நீங்க கண்ணால பாத்துட்டீங்க. அதைச் சொன்னா போதும்."

அன்று பிற்பகல் கருப்பையா போலீஸ் ஸ்டேஷனுக்குப் போகவேண்டும். ஒருமுறை போய் அரைநாள் உட்கார்ந்துவிட்டு வந்திருந்தான். இரண்டாம் முறை கூப்பிடப்பட்டவர்கள் சீக்கிரம் வீடு திரும்பியதாக எங்களில் யாருக்கும் ஞாபகம் இல்லை.

மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், என்ற சொல் காப்பிக்கடைகளில் அப்போதுதான் புழங்க ஆரம்பித்திருந்தது. ஆனால் அவசரகாலச் சட்டம் இன்னும் கெடுபிடியாக இருந்தது. காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்டுகளுக்கு ஒரு பிடி அரிசி, ஒரு போத்தல் பெட்ரோல் கொடுத்தாலும் கம்பிதான். ஒரு டிராக்டர் தினமும் காலையில் பால்மரக் காட்டோரத்தில், ஒரே இடத்தில், காரணமில்லாமல் நின்றால் என்ன பேசுவார்கள்? தொட்டியிலிருந்து பெட்ரோல் காட்டுக்குள் போகிறது என்று பேசினார்கள்.

மடியில் கனமில்லை என்றால் வழியில் பயமில்லை என்பார்கள். அந்தக் காலத்தில் வாழாதவர்கள் சொன்ன பழமொழி அது. எங்களுக்கு மடி காலியாக இருந்தாலும் வழியில் பயம்தான்.

பிள்ளையும் அவர் வண்டியும்

இந்தத் தொடரில் இஞ்சின் கதையே அதிகமாக வருகிறது என்று செமாபோக்கிலிருந்து ஒரு வாசகி குறைப்பட்டிருக்கிறார். அம்மா, நான் மெக்கானிக். சமையல்காரனாக இருந்திருந்தால் ரசத்தைப் பற்றி எழுதியிருப்பேன். கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள், இதில் மனிதர்களும் வருகிறார்கள்.

டிராக்டர் காஜா பெராங்கில் இருந்த ஒரு மலாக்கா செட்டியாருடையது. செட்டி என்றவுடன் வட்டிக்கடையை நினைக்கவேண்டாம். அவர்கள் வேறு, இவர்கள் வேறு. இவர்கள் எங்கள் பாட்டன்மார் கப்பலேறுவதற்கு எத்தனையோ தலைமுறைக்கு முன்பே மலாக்காவுக்கு வந்து, இந்த மண்ணிலேயே பெண்ணெடுத்து ஊன்றியவர்கள். வீட்டில் பேசுவது மலாய். கும்பிடுவது மாரியம்மனை. சாமிக்கும் சடங்குக்கும் வேண்டிய தமிழ்ச் சொற்கள் மட்டும் நாக்கில் தங்கியிருக்கும்.

அவர் பெயரின் கடைசியில் பிள்ளை என்று இருந்ததால் எல்லோருக்கும் அவர் பிள்ளைதான். நான் மலாய் மரியாதையாக 'என்சே பிள்ளை' என்று கூப்பிடுவேன். சாரோங் கட்டி, தலையில் சின்ன உருமால் சுற்றியிருப்பார். அதிகம் பேசமாட்டார். கோயில் காரியத்தில் சுத்தம் பார்க்கிறவர். தோட்டத்திலிருந்து வந்த எங்களைப் போன்றவர்களை அவர் தள்ளியும் வைக்கவில்லை, கட்டியும் அணைக்கவில்லை.

யாரோ ஒரு வெள்ளைக்காரத் துரை ஊருக்குத் திரும்பும்போது விட்டுப்போன பழைய டிராக்டரை வாங்கி, குருபோங் பக்கத்து மலாய்க்காரர்களின் நெல்வயல்களுக்கு உழவுக்கு விட்டார். சாம்பல் நிறம், பெட்ரோலில் ஓடும் ரகம், முன்னால் கைப்பிடி போட்டுச் சுற்றிக் கிளப்பவேண்டும். முதல் நாள் அது சேற்றில் இறங்கியபோது வயல்காரர்கள் எருமைகளைக் கட்டிப்போட்டுவிட்டு வேடிக்கை பார்த்தார்களாம். அது நிற்க ஆரம்பித்த பிறகு ஒரு கிழவர் கருப்பையாவிடம் கேட்டாராம், "எருமை நின்னா வாலை முறுக்கலாம், இதுக்கு எதை முறுக்குறது?" நியாயமான கேள்வி. எனக்கும் அதே சந்தேகம் பலமுறை வந்ததுண்டு.

கருப்பையா தோட்டத்தில் லோரி ஓட்டிக்கொண்டிருந்தவன். என்னைவிட நாலைந்து வயது இளையவன். பிள்ளை வீட்டுக் கொல்லையில் ஒரு சின்னக் கொட்டாயில் குடியிருந்தான். மனைவி பொன்னம்மா நிறைமாதம். அவள் தாய்வீடு ஜொகூர் பக்கம்; கூப்பிட்டால் உடனே ஓடிவர ஆள் கிடையாது.

அதே காஜா பெராங்கில் ஒரு சீனரின் அரிசிக்கடைக்குப் பக்கத்தில் தகரக் கூரை போட்டு நான் பட்டறை நடத்திவந்தேன். பிள்ளை என்னைக் கூப்பிடவில்லை. கருப்பையாதான் முந்தின நாள் சாயங்காலம் வந்தான். "மணியண்ணே, ஒருவாட்டி என்கூட வண்டியில வாங்க. வேற ஒண்ணும் கேக்கல," என்றான்.

பட்டறையில் ஓடும், ரோட்டில் நிற்கும்

இதற்கு முன்பே தெங்கேராவில் ஒரு சீனர் பட்டறையில் வண்டியைக் காட்டியிருந்தார்கள். கைராசியான ஆள். கார்புரேட்டரைக் கழற்றி, ஜெட்டை ஊதி, மிதவையைப் பார்த்து, தொட்டிக்கு அடியில் இருக்கும் கண்ணாடிக் கிண்ணத்தைக் கழுவி, வலையைத் துடைத்து எல்லாம் ஒழுங்காகத்தான் செய்திருந்தார். மாட்டிய பிறகு கிளப்பினால் கடிகாரம் போல ஓடியதாம். வண்டியில் குறை இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

மறுநாள் காலையில் அதே பால்மரக் காட்டோரம் நின்றது.

வண்டியில் குறை இல்லை என்றால் குறை யாரிடம்? குதிரை கீழே தள்ளியதும் இல்லாமல் குழியும் பறித்த கதையாயிற்று கருப்பையாவுக்கு. அந்தச் சீனர் பொய் சொல்லவில்லை. ஆனால் அவர் சொன்ன உண்மைதான் இவன் கழுத்துக்குக் கத்தியாக வந்தது.

சரி, சாலைக்கு வருவோம். நின்றுபோன இஞ்சினை எங்கே தொடங்கிப் பார்ப்பது என்பதற்கு எனக்கு ஒரு வழக்கம் உண்டு. குழந்தை அழுதால் முதலில் வயிற்றைப் பார்க்கிற மாதிரி, முதலில் கார்புரேட்டருக்கு பெட்ரோல் வருகிறதா என்று பார்ப்பேன். அங்கிருந்து தொட்டியை நோக்கிப் பின்னால் போவேன்.

செப்புக் குழாயின் நட்டைத் தளர்த்தினேன். கொஞ்சம் பெட்ரோல் ஒழுகியது. பிறகு சொட்டியது. பிறகு அதுவும் நின்றது.

"பெட்ரோல் இருக்கா?"

"காலையிலதான் முதலாளி கழுத்து வரைக்கும் ஊத்துனாரு. தினமும் அவர் கையாலதான் ஊத்துவாரு."

தொட்டி நிறைய இருக்கிறது, குழாயில் வரவில்லை. கண்ணாடிக் கிண்ணத்தைக் கழற்றினேன். தண்ணீர் இல்லை, தூசி இல்லை, வலை பளிச்சென்று இருந்தது. பெட்ரோலை அடைக்கும் கொக்கை மூடித் திறந்தேன். கம்பி விட்டுக் குத்திப் பார்த்தேன். கம்பி தங்குதடையில்லாமல் போயிற்று. கிண்ணத்தைத் திரும்ப மாட்டினேன். எனக்கு எரிச்சல் வந்தது. பிடிபடாத கோளாறு என்றால் எனக்கு இன்றைக்கும் எரிச்சல் வரும். அதைப் பக்கத்தில் நிற்கிறவன் மேல் காட்டுவேன்.

"நீ இங்க நிக்கும்போது என்னென்ன செய்வே? ஒண்ணு விடாம சொல்லு."

"ஒண்ணும் செய்யமாட்டேண்ணே. குழாயைத் தட்டுவேன். உக்காந்திருப்பேன்."

"தொட்டியைத் திறந்து எண்ணெய் இருக்கான்னு பாக்க மாட்டியா?"

"மூடியைத் தொடக்கூடாதுன்னு முதலாளி சொல்லியிருக்காரு. ரோட்ல மூடி திறந்திருந்தா, பெட்ரோல் எடுத்துக் குடுக்கிறேன்னு சொல்லிடுவாங்களாம். வீட்ல வச்சு அவர்தான் திறப்பாரு, அவர்தான் மூடுவாரு."

நான் நிமிர்ந்து மூடியைப் பார்த்தேன்.

வெள்ளிக்கிழமைச் சந்தனம்

மூடி இஞ்சினுக்கு மேலே, ஓட்டுகிறவனின் கண்ணுக்கு நேராக இருந்தது. அதன் மேல் சந்தனம். ஒரு பொட்டு அல்ல, ஓர் அடை கனத்துக்கு. நடுவில் குங்குமம். வண்டி வாங்கிய நாளில் கோயிலுக்குக் கொண்டுபோய் பூசை போட்டார்கள். அன்றிலிருந்து வெள்ளிக்கிழமைதோறும் பிள்ளை குளித்துவிட்டு வந்து தன் கையால் அரைத்த சந்தனத்தை அங்கே வைப்பார். முன்பக்கத் தகரத்தில் வைத்தால் ரேடியேட்டர் சூட்டில் பொரிந்து உதிர்ந்துவிடுகிறது என்று இந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தாராம். வண்டிக்கு இதுதான் உச்சந்தலை என்பது அவர் கணக்கு.

பழையதைத் துடைக்கமாட்டார். இட்ட பொட்டை யார் துடைப்பார்கள்? நம் வீடுகளில் மட்டும் துடைப்போமா? பழையதன் மேல் புதியது, புதியதன் மேல் சாலைப் புழுதி, அதன் மேல் அடுத்த வெள்ளிக்கிழமை. தெங்கேராச் சீனரும் இதைத் தொடவில்லை. அடுத்தவர் சாமி விஷயம் என்று மூடியின் விளிம்பைப் பிடித்துப் பதமாகத் திறந்து ஓரமாக வைத்துவிட்டார். வேலை முடியும்வரை தொட்டி திறந்தே இருந்தது. எப்படி நிற்கும்?

எல்லாத் தொட்டி மூடியிலும் ஓர் ஊசித் துளை இருக்கும். எண்ணெய் இறங்க இறங்க அந்த வழியாகக் காற்று உள்ளே போகவேண்டும். போகாவிட்டால் எண்ணெய் இறங்காது. பால் டின்னில் ஒரே ஓட்டை போட்டுக் கவிழ்த்துப் பாருங்கள், புரியும்.

"அண்ணே, வேணாம்," என்றான் கருப்பையா, என் கை மூடிக்குப் போனதும். "போலீஸ் பாலாய்க்கு வேற போகணும். இதுவும் சேர்ந்துடும்."

"தள்ளு," என்றேன்.

திருகினேன். பாதிச் சுற்றில் புஸ் என்று காற்றை உறிஞ்சியது. அந்தக் கணமே கீழே தளர்த்தி வைத்திருந்த குழாயிலிருந்து பெட்ரோல் பீச்சி என் வேட்டியை நனைத்தது. கருப்பையா ஓடிவந்து கொக்கை மூடினான். அப்புறம் சாலையோரப் புல்லில் உட்கார்ந்து முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டான். அழுதானா என்று நான் பார்க்கவில்லை.

காலையில் தொட்டி கழுத்து வரை நிறைந்திருக்கும்போது உள்ளே காற்றே இருக்காது. அதனால் சீக்கிரம் இழுபறியாகி நிற்கும். அதே நிறைவு, அதே சாலை, அதே வேகம். அதனால் அதே இடம். சுருட்டு பிடிக்கிற நேரத்தில் மூடியின் ஓரத்தில் கொஞ்சம் காற்று கசிந்து உள்ளே போய்விடும், மறுபடி ஓடும். வயலிலும் நின்றிருக்கிறது. ஆனால் நாலு பேர் பார்க்கிற வயலில் நின்றதைப் பற்றி யாருக்கும் கவலையில்லை.

முதலாளி பேச்சைக் கேட்டு மூடியைத் தொடாமல் இருந்தானே, அதுதான் அவன் செய்த தப்பு. ஒருநாள் திருட்டுத்தனமாகத் திறந்து பார்த்திருந்தால் பிழைத்திருப்பான்.

முற்றத்தில்

சந்தனத்தை நான் அங்கேயே சுரண்டிவிட்டிருக்கலாம். சுரண்டவில்லை. சுரண்டிவிட்டால் வண்டி ஓடும், ஆனால் எதனால் நின்றது என்பதற்குச் சாட்சி இருக்காது. மூடியைக் கொஞ்சம் தளர்த்தி வைத்து, வண்டியைத் திருப்பிக்கொண்டு காஜா பெராங்குக்கே வந்தோம்.

பிள்ளை முற்றத்தில் வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தார். மலாயில் விஷயத்தைச் சொன்னேன். அவர் முகம் இறுகியது.

"மாரியம்மன் சந்தனம் வண்டியை நிறுத்துமா?" என்றார்.

"சந்தனம் நிறுத்தவில்லை, என்சே பிள்ளை. துளை அடைத்திருக்கிறது."

"அது ரெண்டும் ஒன்றுதானே?"

பதில் சொல்ல எனக்கு மலாய் போதவில்லை. தமிழும் போதியிருக்காது.

கருப்பையாவை அழைத்துப்போக ஒரு மலாய்க்காரப் போலீஸ் கோப்ரல் சைக்கிளில் வந்து சேர்ந்தார். நடுத்தர வயது, நிதானமான ஆள். கொட்டாய் வாசலில் பொன்னம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கோப்ரலிடம் கொஞ்ச நேரம் கேட்டு வாங்கினேன். தொட்டியைக் கழுத்து வரை நிரப்பி, மூடியை இறுக்கி, வண்டியைக் கிளப்பி, வேகத்தை ஏற்றி வைத்தோம்.

ஓடிக்கொண்டே இருந்தது. வேண்டாதபோதெல்லாம் நிற்கிற சனியன் வேண்டியபோது நிற்கமாட்டேன் என்றது. கோப்ரல் இரண்டு தடவை சைக்கிளைப் பார்த்தார். கடைசியில் ஒரு இருமல், இன்னொரு இருமல், நின்றது.

"துவான், நீங்களே மூடியைத் திறந்து பாருங்கள்," என்றேன்.

கோப்ரல் கையை நீட்டியவர் சந்தனத்தைப் பார்த்ததும் இழுத்துக்கொண்டார். "இது உங்கள் சாமிப் பொருள். நான் தொடுவது சரியில்லை," என்று பிள்ளையைப் பார்த்தார்.

நாங்கள் எல்லோரும் பிள்ளையைப் பார்த்தோம். வேற்று மதத்துக்காரர் முன்னால், தான் வைத்த சந்தனம்தான் வண்டியை நிறுத்தியது என்று அவர் காட்டவேண்டும். காட்டாவிட்டால் கருப்பையா கோப்ரலோடு போகவேண்டும். வெற்றிலையை மென்று விழுங்கினார். துப்பக்கூட இல்லை.

எழுந்து போய்க் கைகால் கழுவிக்கொண்டு வந்தார். மூடியை அவரே திருகினார். புஸ் என்றது. கோப்ரலின் புருவம் உயர்ந்தது. கருப்பையா ஒரே சுற்றில் கிளப்பினான்.

பிள்ளை ஒரு செம்புத் தண்ணீரை எடுத்து மூடியின் மேல் அபிஷேகம் செய்யப் போனார். நான் பாய்ந்து தடுத்தேன். தண்ணீர் தொட்டிக்குள் போனால் அது இன்னொரு கதை. மூடியைக் கழற்றிக் கையில் கொடுத்தேன். மாமரத்தடிக்குக் கொண்டுபோய், கண்ணை மூடி எதையோ முணுமுணுத்து, கழுவினார். விரல் நகத்தால் சுரண்டச் சுரண்ட அடுக்கடுக்காய் வந்தது. துளை தெரிந்ததும் வெயிலுக்கு நேராகத் தூக்கிப் பிடித்துப் பார்த்தார்.

"நான்தான்," என்று கோப்ரலிடம் சொன்னார். "இந்தப் பையன் மேல் குற்றம் இல்லை."

அந்த ஒரு வார்த்தைக்காக அவர் காலைத் தொட்டுக் கும்பிட்டிருப்பேன். பொன்னம்மா வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

கோப்ரல் தொப்பியைச் சரிசெய்துகொண்டார். "அப்படியானால், போன வாரம் நீங்கள் வந்து சொன்ன தகவலை வேண்டாம் என்று விட்டுவிடலாமா?" என்று பிள்ளையிடம் சாதாரணமாகக் கேட்டார்.

கருப்பையாவுக்கு மலாய் நன்றாகத் தெரியும். இஞ்சினை நிறுத்தினான். கொக்கை மூடினான். யாரையும் பார்க்காமல் கொட்டாய்க்குள் போய்விட்டான்.

இரண்டு பேச்சு

ஊர் பேசிற்று என்றுதான் நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம். ஊர் பேசியதைக் கேட்டுப் போய்ச் சொன்னவர் பிள்ளை. சொல்லிவிட்டு வந்த பிறகும் தினமும் காலையில் அவனுக்குத் தன் கையால் பெட்ரோல் ஊற்றிக் கொடுத்திருக்கிறார்.

கருப்பையா உடனே போய்விடவில்லை. குருபோங்கில் வயலுக்குத் தண்ணீர் கட்டிவிட்டுக் காத்திருந்தார்கள். ஒத்துக்கொண்ட உழவு முடியும்வரை ஓட்டினான். வண்டி ஒருநாளும் நிற்கவில்லை. பிள்ளையோடு ஒரு வார்த்தை பேசவில்லை. பெண் குழந்தை பிறந்தது. கோயில் பிரசாதத்தோடு பிள்ளை வீட்டார் வந்தபோது பொன்னம்மா வாங்கிக்கொண்டாள். அவன் கொல்லைப்பக்கம் போய் நின்றான். அப்புறம் ஜொகூர் பக்கம் லோரி வேலை கிடைத்திருப்பதாகச் சொன்னான்.

பிள்ளை என் பட்டறைக்கு வந்தார். அதற்கு முன் வந்ததேயில்லை. நீட்டிய நாற்காலியில் உட்காராமல் நின்றபடியே கேட்டார், "அவனை இருக்கச் சொல்லமாட்டாயா?"

"போலீஸுக்குப் போகுமுன் ஏன் அவனை ஒரு வார்த்தை கேட்கவில்லை?" என்றேன். வயதுக்கு மீறிய கேள்விதான். கேட்டுவிட்டேன்.

ஒரு ஸ்பேனரை எடுத்துப் பார்த்துவிட்டு வைத்தார். "தாக்குட்," என்றார். பயம். "வண்டி என்னுடையது. அவனைப் பிடித்தால் என்னையும் பிடிப்பார்கள். எனக்கும் பிள்ளைகுட்டி இருக்கிறது. பயந்துவிட்டேன்."

பொய்யில்லை. அந்தக் காலத்தில் பயப்படாதவன் பைத்தியக்காரன். அவர்மேல் எனக்கு இருந்த கோபத்தில் பாதி அங்கேயே போய்விட்டது.

சாயங்காலம் கொட்டாய்க்குப் போனேன். கருப்பையா ஒரு தகரப் பெட்டியைக் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டிருந்தான். பிள்ளை சொன்னதை அப்படியே சொன்னேன். "பயந்துட்டாராம்டா," என்றேன்.

முடிச்சை இறுக்கிவிட்டு நிமிர்ந்தான்.

"எனக்குந்தாண்ணே பயமா இருந்துச்சு. அரைநாள் உக்கார வச்சாங்க. யாராவது ஒருத்தர் பேரைச் சொல்லு, வீட்டுக்குப் போகலாம்னாங்க. எனக்கு ஊர்ல எத்தனை பேரைத் தெரியும். நான் ஒருத்தர் பேரையும் சொல்லலையே."

இதை நான் பிள்ளையிடம் மலாயில் சொல்லவில்லை.